விடை பாதி, விளக்கம் மீதி

போன வாரம் ஒரே ஒரு குறிப்புதான் கொடுத்திருந்தேன்.

சோலை பரப்பு நதி (3)

‘காவிரி’ என்று எழுதி அனுப்பிய எல்லோருக்கும் ஒரு சபாஷ். விடை சரி. ஆனால் வந்த பதில்களில் பெரும்பாலானவற்றில் அந்த ஒற்றைச் சொல்தான் இருந்தது. எப்படி வந்தது என்ற விவரம் இல்லை. சிலர் மட்டும், “நதி என்றதும் காவிரி ஞாபகம் வந்தது. மூன்று எழுத்துக்கும் பொருந்தியது. போட்டுவிட்டேன்” என்று உள்ளதை உள்ளபடி சொல்லியிருந்தார்கள்.

சரி, நான் ஒன்று கேட்கிறேன். மூன்றெழுத்து நதிதான் வேண்டுமென்றால் பவானி ஏன் ஆகாது? பாலாறு? பொருநை? வடக்கே போனால் கங்கையும் யமுனையும்கூட மூன்றெழுத்துதானே? “பவானிக் கரையில் சோலை இல்லையா?” என்று கோபிச்செட்டிபாளையத்துக்காரர்கள் சண்டைக்கு வந்தால் என்ன பதில் சொல்வீர்கள்?

பதில் குறிப்புக்குள்ளேயே இருக்கிறது. ‘கா’ என்றால் சோலை. பூங்கா என்கிறோமே, அந்தக் கா. ‘பரப்பு’ என்றால் விரி. வெயிலில் துணியைப் பரப்பு என்றாலும் விரி என்றாலும் ஒன்றுதான். கா, விரி இரண்டையும் ஒட்டுங்கள்: காவிரி. கடைசியில் நிற்கும் ‘நதி’ என்ற சொல் விடையின் நேர்ப்பொருள். முன்பாதி ஒரு வழியாக வந்து காவிரியில் சேர்கிறது. பின்பாதி இன்னொரு வழியாக வந்து அதே காவிரியில் சேர்கிறது. பவானிக்கும் பாலாற்றுக்கும் பின்வாசல் மட்டும்தான் திறந்திருக்கிறது. முன்வாசல் பூட்டு.

இந்தக் குறிப்பில் இன்னொரு சங்கதியும் உண்டு. சோலைகளை விரித்துக்கொண்டு போவதால் காவிரி என்று பெயர்க்காரணம் சொல்வது நம் வழக்கம். அதனால் குறிப்பு முழுவதையும் சேர்த்துப் படித்தாலும் அது காவிரியைத்தான் சொல்கிறது. இப்படி அமைவது அபூர்வம். அமைந்துவிட்டால் குறிப்பு எழுதுகிறவருக்கு அன்று ராத்திரி நல்ல தூக்கம் வரும்.

இந்த வாரம் பேசப்போவது இதைப் பற்றித்தான். நம் குறுக்கெழுத்தில் விடை என்பது பாதிதான். ‘ஏன் இது விடை’ என்ற விளக்கம்தான் மீதிப் பாதி.

சாதாரணக் குறுக்கெழுத்தும் இதுவும்

‘தஞ்சையில் பாயும் நதி (3)’ என்று கேட்டால் அது சாதாரணக் குறுக்கெழுத்து. தெரிந்தால் எழுதலாம், தெரியாவிட்டால் குறுக்கே வரும் சொற்களின் எழுத்துகள் விழும்வரை காத்திருக்கலாம். எழுதியது சரிதானா என்று அறிய அடுத்த இதழைப் பார்க்க வேண்டும்.

கிரிப்டிக் வகையில் அப்படி இல்லை. ஒவ்வொரு குறிப்பிலும் இரண்டு பகுதிகள். ஒன்று நேர்ப்பொருள். மற்றொன்று அதே சொல்லை எழுத்து எழுத்தாகக் கட்டித் தரும் சொல்விளையாட்டு. இரண்டும் ஒரே சொல்லில் வந்து முட்டினால் விடை சரி. யாரையும் கேட்க வேண்டாம், அடுத்த இதழுக்கும் காத்திருக்க வேண்டாம். கூட்டல் கணக்கைக் கழித்துச் சரிபார்ப்பது போல, விடையோடு அதற்கான சாட்சியமும் உங்கள் கையிலேயே இருக்கிறது.

குறுக்கெழுத்து பிறந்தது அமெரிக்காவில். 1913 டிசம்பர் 21 அன்று ‘நியூயார்க் வேர்ல்ட்’ ஞாயிறு இதழில் ஆர்தர் வின் என்பவர் வைர வடிவக் கட்டம் ஒன்றை வெளியிட்டார். அதில் இருந்தவை நேரடிக் குறிப்புகள்தான். அது கடல் தாண்டி இங்கிலாந்துக்கு வந்த பிறகு, 1920-களில் வேறு வேஷம் கட்டிக்கொண்டது. எட்வர்ட் பவிஸ் மேதர்ஸ் என்பவர் ‘டோர்க்கமாடா’ என்ற புனைபெயரில், குறிப்பு முழுவதையும் சொல்விளையாட்டாக ஆக்கினார். டோர்க்கமாடா என்பது ஸ்பெயினில் மத விசாரணை என்ற பெயரில் சித்திரவதைக்குப் பேர்போன ஒருவரின் பெயர். வாசகரை வதைக்கப் போகிறேன் என்று பெயரிலேயே சொல்லிவிட்டார் மனிதர்!

வதைப்பதற்கும் ஒரு நியாயம் வேண்டாமா? ‘அஃப்ரிட்’ என்ற பெயரில் எழுதிய ஏ.எஃப்.ரிச்சி 1949-இல் அதை வகுத்தார். அவர் சொன்னதன் சாரம் இது: குறிப்பு எழுதுகிறவர் வாசகரை வேறு பக்கம் பார்க்க வைக்கலாம். ஆனால் சொற்களை உள்ளபடி எடுத்துப் படித்தால் விடை கிடைத்தே ஆக வேண்டும். டோர்க்கமாடாவுக்குப் பிறகு ‘அப்சர்வர்’ இதழில் அவர் இடத்துக்கு வந்த டி.எஸ்.மக்நட், ‘ஸிமனீஸ்’ என்ற பெயரில் எழுதினார். அதுவும் ஒரு மத விசாரணைக்காரரின் பெயர்தான். அவர் 1966-இல் வெளியிட்ட புத்தகம் விதிகளை இன்னும் இறுக்கியது. சரியான நேர்ப்பொருள், நியாயமான சொல்விளையாட்டு, அதற்குமேல் ஒரு சொல்கூடக் கூடாது. 1972-இல் அவருக்கு அடுத்து வந்த ஜொனாதன் கிரவ்தர், டெஸா என்ற இன்னொரு விசாரணைக்காரரின் பெயரை எடுத்து, அதன் ஆங்கில எழுத்துகளைப் பின்னிருந்து முன்னாகப் போட்டு ‘அஸெட்’ ஆனார். பெயரே ஒரு புதிர்!

நம் வீடுகளுக்கு இந்த விளையாட்டு ஆங்கில நாளிதழ் வழியாகத்தான் வந்தது. காலைக் காபியோடு ‘தி இந்து’வின் கட்டத்தை நிரப்புகிற தாத்தாக்கள் சென்னையில் நிறையப் பேர். ஆனால் இதன் சூத்திரங்கள் எதுவும் நமக்குப் புதிதில்லை. அதை இப்போது பார்க்கப்போகிறீர்கள்.

எழுத்தை எண்ணுவது எப்படி?

புதிதாக வந்தவர்களுக்காக ஒரு விஷயம். அடைப்புக்குறிக்குள் இருப்பது எழுத்துகளின் எண்ணிக்கை. ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து. ‘பா’ ஓர் எழுத்து, ‘ட்’ ஓர் எழுத்து, ‘டு’ ஓர் எழுத்து. எனவே ‘பாட்டு’ மூன்றெழுத்து. புள்ளி வைத்த எழுத்துக்கும் தனிக் கட்டம் உண்டு; அதை விட்டுவிட்டு எண்ணாதீர்கள்.

இனி ஒவ்வொரு வகையாக ஒரு குறிப்பு. விளக்கத்தைப் படிப்பதற்கு முன் ஒரு நிமிடம் யோசியுங்கள். விரலை வைத்து மறைத்துக்கொண்டாலும் சரி.

1. மணமகள் சூடுவது சூரியன் சாயும் நேரம் (2)

முகூர்த்த நேரம், சாயரட்சை என்றெல்லாம் மனம் ஓடும். ஓட விடாதீர்கள். குறிப்பை ‘சூடுவது’ என்ற இடத்தில் வெட்டுங்கள். மணமகள் சூடுவது மாலை. சூரியன் சாயும் நேரமும் மாலை. இரண்டு பக்கமும் நேர்ப்பொருள்தான். நமக்குப் பழக்கமான சிலேடை இது. பாம்பையும் எள்ளையும் ஒரே பாட்டில் பாடிய காளமேகத்தின் ஊரில் இதற்கு விளக்கமே தேவையில்லை.

2. நடுக விதைகளை, உள்ளே ஒளிந்திருக்கும் பாட்டு (3)

உழவைப் பற்றிய நாட்டுப்பாடல் என்று நினைக்க வைப்பது குறிப்பின் வேலை. ‘உள்ளே ஒளிந்திருக்கும்’ என்று சொன்ன பிறகும் வெளியே தேடினால் அது உங்கள் குற்றம்! எழுத்துகளை வரிசையாகப் பாருங்கள்: ந, டு, க, வி, தை, க, ளை. நடுவில் க, வி, தை. கவிதை! பாட்டு என்பது நேர்ப்பொருள். இரண்டு சொற்களுக்கு இடையில் இருக்கும் வெற்றிடம் நம் கண்ணைக் கட்டிவிடுகிறது. வாயால் சேர்த்துச் சொல்லிப் பார்த்தால் காது கண்டுபிடித்துவிடும்.

ஒரு செய்யுளுக்குள் வேறொரு செய்யுளை ஒளித்து வைப்பதற்குத் தண்டியலங்காரம் ‘கரந்துறைச் செய்யுள்’ என்று பெயர் சொல்கிறது. கரந்து உறைவது, அதாவது ஒளிந்து வாழ்வது. இந்த வகைக் குறிப்புக்கு இதைவிட நல்ல பெயர் கிடைக்காது.

3. பிரமித்து நில், திரும்பினால் சிறைவாசி (2)

‘திரும்பினால்’ என்பது துப்பு. ஒரு சொல்லைப் பின்னிருந்து படிக்கச் சொல்கிறது. பிரமித்து நிற்பதற்கு என்ன சொல்? மலைத்து நிற்பதும் பிரமிப்புதான், எனவே ‘மலை’. திருப்பினால் ‘லைம’. அப்படி ஒரு சொல் கிடையாது. வேறென்ன? திகைத்து நிற்பது: ‘திகை’. திருப்புங்கள்: கைதி. சிறைவாசி!

‘மலை’ ஆகாது என்று எப்படித் தெரிந்தது பார்த்தீர்களா? நான் வந்து சொல்ல வேண்டியிருக்கவில்லை. குறிப்பே சொல்லிவிட்டது.

முன்னிருந்தும் பின்னிருந்தும் ஒரே மாதிரி வரும் மாலைமாற்றில் திருஞானசம்பந்தர் ஒரு பதிகமே பாடியிருக்கிறார். ‘மரா மரா’ என்று சொல்லச் சொல்ல ‘ராம ராம’ ஆன வால்மீகி கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். திருப்பிப் போடுவது நம் வீட்டுச் சமாச்சாரம்.

இங்கே ஒரு சின்ன உத்தி. தமிழ்ச் சொல் எதுவும் புள்ளி எழுத்தில் தொடங்காது. ஆகவே ‘மரம்’, ‘கடல்’, ‘மீன்’ போன்று புள்ளியில் முடியும் சொற்களைத் திருப்ப முடியாது. திருப்பச் சொல்லும் குறிப்பு வந்தால் அந்தச் சொற்களை எல்லாம் ஒரேயடியாகத் தள்ளிவிடலாம். பாதி வேலை மிச்சம்.

4. குளத்தில் கத்துவது தலை போனதும் கையில் குலுங்குவது (2)

குளத்தில் கத்துவது தவளை. அதன் தலை, அதாவது முதல் எழுத்து, போனால் வளை. கையில் குலுங்குவது. ‘வளையல்’ என்று எழுத நினைத்தவர்களை அடைப்புக்குறிக்குள் இருக்கும் 2 தடுத்து நிறுத்தியிருக்கும். எழுத்தை ஒவ்வொன்றாக நீக்கிப் புதுச்சொல் காணும் இந்த விளையாட்டுக்கும் தண்டியலங்காரத்தில் பெயர் உண்டு: அக்கரச்சுதகம். அட்சரம் நழுவுவது என்று பொருள்.

5. கலைக்குள் வறுமையின் தலை நுழைந்தால் வரும் மனவருத்தம் (3)

வாசிக்கும்போது ஒரு நாடகக் கலைஞரின் வாழ்க்கை கண்ணில் தெரிகிறது அல்லவா? இப்போது அந்த வருத்தத்தை ஓரமாக வைத்துவிட்டு எழுத்துகளை மட்டும் பாருங்கள். வறுமையின் தலை ‘வ’. அது ‘கலை’க்குள் நுழைகிறது: க, வ, லை. கவலை. மனவருத்தம் என்பது நேர்ப்பொருள்.

‘கலைக்குள் வறுமை நுழைந்தால்’ என்று எழுதியிருந்தால் படிக்க இன்னும் சுருக்கமாக இருந்திருக்கும். ஆனால் அது அநியாயம். முழு வறுமையையும் உள்ளே அனுப்பிவிட்டு ஒரே ஓர் எழுத்தை எடுத்துக்கொள்ள எனக்கு உரிமை இல்லை. ‘தலை’ என்று சொன்னால்தான் உரிமை.

6. புரட்டிய கை வாட வீட்டுக்காரருக்கு மாதாமாதம் கொடுப்பது (3)

இதை வாடகை வீட்டில் இருப்பவர்கள் சட்டென்று போட்டுவிடுவார்கள். ஆனால் விளக்கம்? முதல் தேதி நெருங்கினால் பணம் புரட்டுவோம். இங்கே புரட்டச் சொல்வது எழுத்துகளை. ‘கை வாட’ என்பதில் உள்ள கை, வா, ட மூன்றையும் புரட்டிப் போட்டால் வாடகை. வீட்டுக்காரருக்கு மாதாமாதம் கொடுப்பது.

எழுத்துகளைக் கலைத்துப் போடும் வகைதான் பலருக்கும் பயம். ஆங்கிலத்தில் பயம் நியாயம். தமிழில் நம் இலக்கணமே உதவிக்கு வருகிறது. ட, ண, ர, ல, ழ, ள, ற, ன ஆகியவை தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வராது. ரயில், லட்டு, டம்ளர் போல வெளியிலிருந்து வந்தவை மட்டும் விலக்கு. ஆகவே கை, வா, ட என்ற மூன்றில் முதலில் நிற்கக்கூடியது கை அல்லது வா. கையில் தொடங்கினால் ஒன்று குறிப்பிலேயே இருக்கும் ‘கைவாட’, மற்றொன்று பொருளில்லாத ‘கைடவா’. வாவில் தொடங்கினால் ‘வாகைட’, ‘வாடகை’. முடிந்தது கதை. பள்ளியில் மொழிமுதல் எழுத்துகளை மனப்பாடம் செய்தபோது, ‘இது எதற்கு உதவும்?’ என்று கேட்டீர்களே, இதோ உதவிவிட்டது.

ஓர் ஒற்றெழுத்தின் வழக்கு

விளக்கம் எவ்வளவு நுணுக்கமாகப் பார்க்க வேண்டியது என்பதற்கு இதே வாடகைக் குறிப்பு ஓர் உதாரணம். ‘கை வாடப் புரட்டி’ என்று எழுதினால் இன்னும் இயல்பாக இருந்திருக்குமே என்று தோன்றலாம். எழுதினால் நடுவில் ‘ப்’ என்று ஒரு சந்தி எழுத்து வந்து உட்கார்ந்துகொள்கிறது. புரட்ட வேண்டிய எழுத்துகள் மூன்றா, நான்கா என்று நீங்கள் கேட்டால் என்னிடம் பதில் இருக்காது. அதனால்தான் ‘வாட’வுக்கு அடுத்து ‘வீட்டுக்காரர்’ வந்து நிற்கிறார். வகரத்துக்கு முன்னால் ஒற்று மிகாது.

முதலில் பார்த்த குறிப்பிலும் அப்படித்தான். ‘சோலை பரப்பும் நதி’ என்று ஒரு ‘ம்’ சேர்த்தால் படிக்க நன்றாக இருக்கும். ஆனால் ‘பரப்பும்’ என்றால் ‘விரிக்கும்’. அப்புறம் காவிரி வராது, ‘காவிரிக்கும்’தான் வரும். ‘பரப்பு நதி’ என்று வினைத்தொகையாக எழுதினால் நதியைப் பற்றிய வர்ணனையாகவும் படிக்கலாம், ‘பரப்பு’ என்ற கட்டளையாகப் பிரித்தும் படிக்கலாம். முக்காலமும் காட்டும் வினைத்தொகை இங்கே நாலாவதாக ஒரு வேலையும் செய்கிறது.

இதையெல்லாம் சொல்லக் காரணம் இருக்கிறது. குறிப்பு எழுதுகிறவருக்கும் உங்களுக்கும் நடுவில் ஓர் ஒப்பந்தம் உண்டு. நான் உங்களை ஏமாற்றப் பார்ப்பேன். ஆனால் பொய் சொல்ல மாட்டேன். நீங்கள் அந்த ஒப்பந்தத்தைச் சரிபார்க்கும் ஒரே வழி, விளக்கம் எழுதிப் பார்ப்பதுதான். விடையை மட்டும் எழுதிவிட்டு நகர்ந்தால், நான் ஒப்பந்தத்தை மீறினேனா இல்லையா என்பது உங்களுக்குத் தெரியாமலே போய்விடும்.

மூன்று கேள்விகள்

ஆகவே, எந்தக் குறிப்பானாலும் இந்த மூன்று கேள்விகளைக் கேளுங்கள்.

முதலாவது, நேர்ப்பொருள் எங்கே? அது குறிப்பின் தொடக்கத்திலோ முடிவிலோதான் இருக்கும். நடுவில் ஒளியாது. மேலே பார்த்த குறிப்புகளில் மாலை தவிர மற்ற எல்லாவற்றிலும் கடைசியில் இருந்தது. மாலையில் இரண்டு முனையிலும் இருந்தது.

இரண்டாவது, வேலை சொல்லும் சொல் எது? ஒளிந்திருக்கும், உள்ளே என்றால் தேடு. திரும்பி, தலைகீழாக என்றால் பின்னிருந்து படி. தலை போனது, வால் அறுந்தது என்றால் எழுத்தை நீக்கு. நுழைந்தது, விழுங்கியது என்றால் ஒன்றுக்குள் ஒன்றை வை. குழம்பியது, சிதறியது, புரட்டியது என்றால் எழுத்துகளைக் கலை.

மூன்றாவது கேள்விதான் முக்கியம். எந்தச் சொல்லாவது வேலை இல்லாமல் சும்மா நிற்கிறதா? நின்றால் உங்கள் விடை தப்பாக இருக்கலாம், அல்லது குறிப்பு தப்பாக இருக்கலாம். இரண்டில் ஒன்று. கல்யாண வீட்டில் கை கட்டி நிற்பவர்கள் இருக்கலாம். கிரிப்டிக் குறிப்பில் இருக்கக்கூடாது.

இந்த மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லாத விடைகளை ‘பென்சில் விடை’ என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுதலாம், ஆனால் அழிக்கத் தயாராக. விளக்கமும் கிடைத்த பிறகு பேனா.

போன் சொல்லாதா?

“இப்போது போனைக் கேட்டால் ஒரு நொடியில் விடை வந்துவிடுகிறதே, இவ்வளவு பாடு எதற்கு?” என்று வீட்டுப் பிள்ளைகள் கேட்கக்கூடும். நீங்கள் இதைப் படித்துக்கொண்டிருப்பதே போனில்தான். அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் போன் சொன்ன விடை சரியா என்று எப்படித் தெரிந்துகொள்வீர்கள்? மறுபடியும் போனைக் கேட்டா? ‘மூன்றெழுத்து நதி’ என்று கேட்டால் அது பவானியையும் சொல்லும், பாலாற்றையும் சொல்லும், எதையும் தயக்கமில்லாமல் சொல்லும். எது சரி என்று தீர்ப்பு எழுத நீங்கள்தான் வேண்டும்.

சொன்னதை அப்படியே நம்பாமல், அதே சமயம் எதையும் கற்பனையாகச் சேர்த்துக்கொள்ளாமல், எழுதியிருப்பதை மட்டும் படிப்பது ஒரு பழக்கம். அந்தப் பழக்கத்துக்கு விலை உண்டு என்று 1942-லேயே ஒரு தேசம் கண்டுகொண்டது. அந்த ஜனவரியில் லண்டன் ‘டெய்லி டெலிகிராஃப்’ அலுவலகத்தில் ஒரு போட்டி நடந்தது. 12 நிமிடங்களுக்குள் ஒரு குறுக்கெழுத்தை முடிக்க வேண்டும். கலந்துகொண்டவர்களில் சிலருக்குப் பிறகு ராணுவத்திடமிருந்து அழைப்பு வந்தது. ஜெர்மானியரின் ரகசியச் செய்திகளை உடைத்துக்கொண்டிருந்த பிளெட்ச்லி பார்க்கில் அவர்களுக்கு வேலை காத்திருந்தது.

உங்களை யாரும் யுத்தத்துக்குக் கூப்பிடப் போவதில்லை. ஆனால் ‘உங்கள் வங்கிக் கணக்கு முடக்கப்படும், உடனே இங்கே தட்டவும்’ என்று ஒரு குறுஞ்செய்தி வரும்போது, மேலோட்டமாகத் தெரிவது ஒன்று, உள்ளே இருப்பது வேறொன்று என்று நிதானித்துப் படிக்கிற கண் உங்களுக்கு வேண்டும். அந்தக் கண்ணுக்கு இது நல்ல உடற்பயிற்சி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ‘கா என்றால் சோலை’ என்பது பாட்டிக்குத் தெரியும். ‘தலை போனதும்’ என்றால் எழுத்தைத் தூக்கு என்பது பேத்திக்குச் சட்டென்று பிடிபடும். ‘புரட்டிய’ என்றதும் அப்பாவுக்கு வாடகை ஞாபகம் வந்துவிடும். விடை மட்டும் போதுமென்றால் ஒருவர் போதும். விளக்கமும் வேண்டுமென்றால் நாலு பேர் கூடிப் பேச வேண்டியிருக்கிறது. ஒரே போனைச் சுற்றி மூன்று தலைமுறை உட்காருவதற்கு வேறு காரணம் அவ்வளவு சுலபமாகக் கிடைப்பதில்லை.

ஒரு பெரியவர் சொன்ன செய்தி

இங்கிலாந்தின் ‘கார்டியன்’ நாளிதழில் 1958-லிருந்து புதிர் எழுதிவந்தவர் ஜான் கிரஹாம். பாதிரியார். புனைபெயர் ‘அராகேரியா’. அது ஒரு மரத்தின் பெயர். குரங்குக்கே ஏறத் தெரியாது என்று அந்த மரத்துக்கு ஆங்கிலத்தில் ‘குரங்குப் புதிர்’ என்றே ஒரு பெயர் உண்டு.

2013 ஜனவரி 11 அன்று வெளியான அவருடைய கட்டத்தின் மேலே ஒரு சின்ன முன்குறிப்பு இருந்தது. அராகேரியாவுக்கு இன்ன எண்ணில் உள்ளது வந்திருக்கிறது, இன்ன எண்ணில் உள்ள இடத்தில், இன்ன எண்களில் உள்ள சிகிச்சை நடக்கிறது என்ற தோரணையில், பெயர்கள் இருக்க வேண்டிய இடத்தில் கட்ட எண்கள் மட்டும் இருந்தன. வாசகர்கள் வழக்கம்போல ஒவ்வொன்றாகப் போட ஆரம்பித்தார்கள். ஓர் எண்ணுக்கு வந்த விடை: புற்றுநோய். இன்னோர் எண்ணுக்கு: உணவுக்குழாய். மற்றவற்றுக்கு: குணப்படுத்த அல்ல, வலியைத் தணிக்க மட்டும் தரப்படும் பராமரிப்பு.

அப்போது அவருக்கு வயது 91. தன் வாசகர்களுக்குத் தன் நோயை அவர் சொன்ன விதம் அதுதான். அரை நூற்றாண்டாகத் தன் குறிப்புகளைப் பிரித்துப் படித்தவர்கள் இதையும் சரியாகப் படிப்பார்கள் என்று அவர் நம்பினார். அவர்களும் படித்தார்கள். வேறொருவர் வந்து விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்த ஆண்டு நவம்பரில் அவர் காலமானார்.

எழுதுகிறவரும் படிக்கிறவரும் முகம் பார்க்காமலே ஒருவரையொருவர் நம்புகிற விளையாட்டு இது. அந்த நம்பிக்கைக்கு ரசீது, விளக்கம்.

இந்த வாரக் குறிப்புகள்

மூன்று தருகிறேன். முதல் இரண்டும் இன்று பார்த்த வகைகள்தான். மூன்றாவது, காவிரி போல ஒட்டுவது. பல கேள்விகளின் விடைகளைச் சேர்த்தால் ஒரே சொல்லாகும் இந்த வித்தையைத் தண்டியலங்காரம் ‘வினாவுத்தரம்’ என்கிறது.

விலக்கு திரையை, நடுவே நிற்கும் நாலுகால் ஓட்டக்காரன் (3)

படி திரும்பினால், கைலாசநாதா! (2)

மாமன் மனைவி எவர்? கணவனைப் பெற்றவர் (4)

மூன்றாவதற்கு மருமகள்கள் போட்டிக்கு நிற்பீர்கள் என்று தெரியும். எல்லோருக்கும் நிபந்தனை ஒன்றுதான். விடையோடு ஒரு வரி விளக்கமும் எழுதி அனுப்புங்கள். எந்தச் சொல் என்ன வேலை செய்கிறது, எது நேர்ப்பொருள், வேலையில்லாமல் நிற்கும் சொல் ஏதாவது உண்டா? அப்படி ஒன்றைக் கண்டுபிடித்து எழுதினால் அந்தக் கடிதம்தான் அடுத்த வாரம் முதலில் வரும்.

பென்சில் தயாரா?